நவம்பர் 2 அன்று கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவது எதற்காக?

இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2 அன்று தங்கச்சிமடத்தில் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்த்துவிட்டு, "செத்தவருக்கு இனி ஜெபம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கத்தோலிக்க நம்பிக்கையில் திருச்சபை என்பது உயிரோடு இருப்பவர்கள் மட்டும் அல்ல. மண்ணில் இருக்கும் நாம், உத்தரிக்கிற ஸ்தலத்தில் (விண்ணகம் சேருமுன் பாவக்கறை நீங்கும் நிலையில்) தூய்மை பெறும் ஆன்மாக்கள், விண்ணகத்துப் புனிதர்கள் எல்லாரும் ஒரே குடும்பம். அதனால்தான் ஓரியூரில் 1693-ல் தலை வெட்டப்பட்ட புனித அருளானந்தரிடம் நமக்காக வேண்டச் சொல்கிறோம். ஆன்மாக்களுக்காக நாம் வேண்டுகிறோம். இதற்கு ஆதாரமாக, இறந்தோருக்காக வேண்டியதைச் சொல்லும் 2 மக்கபேயர் என்ற பைபிள் நூலின் 12-ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபையார் பயன்படுத்தும் பைபிளில் அந்த நூல் இல்லை. உத்தரிக்கிற ஸ்தலத்தையும் அவர்கள் ஏற்பதில்லை.

ஆனால் உயிர்த்தெழுதல் விஷயத்தில் பேதமே இல்லை. கடலுக்குப் போய் உடல்கூடக் கிடைக்காதவருக்கு என்ன கதி? நம் கடற்கரையில் இதுதான் பெரிய கேள்வி. திருவெளிப்பாடு 20:13 நேராகவே பதில் சொல்கிறது: கடலும் தன்னிடம் உள்ள இறந்தோரை ஒப்படைக்கும். கல்லறை இல்லை என்பதற்காக எவரும் விடுபட்டுப் போவதில்லை. அவர்களுக்காகக் கல்லறைத் தோட்டத்துச் சிலுவையடியில் மெழுகுவர்த்தி வைக்கலாம். அவர்களுக்காகப் பூசை (திருப்பலி) ஒப்புக்கொடுக்க, பங்குச் சாமியாரிடம் பெயரைச் சொன்னால் போதும்.