தும்பிக்கை வைத்த 'லை' எங்கே போனது?

கேள்வி: பழைய புத்தகங்களில் லை, ணா எல்லாம் வேறு மாதிரி இருக்கின்றனவே, யார் மாற்றியது, ஏன்?

பாளையங்கோட்டையில் பத்திரிகை அடிக்கும் கடை எனக்கு. மணிவிழாப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்க வந்த பெரியவர் ஒருவர் தம் பெயரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாமலை. "எய்யா, எல்லாம் சரிதான். தும்பிக்கையக் காணலியே?" என்றவர், பேனாவை வாங்கி எழுதிக் காட்டினார். ணாவில் கால் தனியாக நிற்கவில்லை; எழுத்தின் வாலே கீழே சுழித்து முடிந்தது. லகரத்தின் தலையில், யானை தும்பிக்கையைத் தூக்கினாற்போல ஒரு வளைவு.

மாறியவை மொத்தம் 13. ணா, றா, னா. இவற்றின் ஒகர, ஓகார வடிவங்கள் ஆறு. அப்புறம் ணை, லை, ளை, னை. கையால் எழுதுகிறவருக்கு அந்தச் சுழி சுகம். அச்சுக் கோப்பவருக்கோ ஒவ்வொன்றும் தனி ஈய எழுத்து, தனி அறை. பெரியார் 1935லேயே தம் 'குடி அரசு' இதழில் புது வடிவத்தைப் போட ஆரம்பித்துவிட்டார். அரசாணை வந்தது 1978ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். ஐக்கு 'அய்' என்ற பெரியாருடைய யோசனையை அரசு தொடவில்லை. கு, சு, டு, மு எல்லாம் இன்றைக்கும் ஆளுக்கொரு திசையில் வளைகின்றன. அதைச் சீர் செய்கிறேன் என்று யாராவது கிளம்பினால் நானே சண்டைக்குப் போவேன்.

இதற்கும் முந்தைய மாற்றம் இன்னும் பெரியது. ஏட்டில் மெய்க்கும், குறில் எகர ஒகரத்துக்கும் வைக்க வேண்டிய புள்ளியைப் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள்; குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பார்கள். அதனால் 'கொடி'யும் 'கோடி'யும் ஒன்றுபோலவே இருக்கும். முன்பின் வரியைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்துப் பிரித்தவர் என்று வீரமாமுனிவரைச் சொல்வார்கள். இத்தாலியிலிருந்து வந்து நம் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியிலும் இருந்தவர்.

கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடில் பழைய லைக்குத் தனி எண் கிடையாது. லகரமும் ஐகாரக் குறியும்தான்; வடிவம் எழுத்துருவின் பாடு. என்னிடம் அப்படி ஒரு எழுத்துரு இல்லை. பெரியவர் எழுதிக் காட்டிய பெயரையே ஸ்கேன் எடுத்து ஒட்டிவிட்டேன். மறுபடி புரூஃபைப் பார்த்தார். முகவரியில் 'நெல்லை' என்று இருந்தது.

"எய்யா, அதையும் மாத்திருவமா?"