சப்பாத்து கடிச்சா, எங்க கடிக்குதெண்டு முதல் பாருங்கோ

கேள்வி: அண்ணை வணக்கம். கனடாவில இருக்கிற அத்தான் லெதர் பூட்ஸ் ஒரு சோடி அனுப்பினவர், நல்ல தடிச்ச தோல், கணுக்காலுக்கு மேல வாற மாதிரி. வயலுக்கும் மோட்டச்சைக்கிள் ஓடவும் போடலாமெண்டு நான்தான் ஆசையாக் கேட்டனான். என்ர கால் பெரிசு, இஞ்ச கடையள்ல 10ஆம் நம்பர் தேடி அலையிற ஆள், அதால அவருக்கும் 10 எண்டுதான் சொன்னது. வந்ததும் 10தான், ஆனா கால் உள்ள போகவே பத்து நிமிசம் செல்லுது, சின்னவிரல் பக்கம் நெரிக்குது, பெருவிரலும் முன்னுக்கு முட்டுது. திருப்பி அனுப்புற காசுக்கு வேற சோடி வாங்கலாம். தேங்காயெண்ணெய் பூசி வெயில்ல வை எண்டு அம்மா சொல்லுறா, தண்ணிப்பையை உள்ள வைச்சு பிரீசருக்க வை எண்டு கூட்டாளி சொல்லுறான். என்ன செய்ய?
– புதுக்குடியிருப்பில இருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, பிழை உங்கட காலிலயும் இல்லை அத்தானிலயும் இல்லை, அந்த நம்பரில. இஞ்ச கடையில நாங்கள் 8, 9, 10 எண்டு கேக்கிறது யூகே நம்பர். கனடாவில ஓடுறது அமெரிக்கா நம்பர், ஆம்பிளையளின்ர சப்பாத்தில அது யூகேயை விட கிட்டத்தட்ட ஒண்டு கூட. அப்ப அங்கத்தைய 10 இஞ்சத்தைய 9. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடையில அங்குலத்தில மூண்டில ஒரு பங்கு, எட்டரை மில்லிமீற்றர் எண்டு வையுங்கோவன், பெருவிரலுக்கு அது பெரிய தூரம். இனிமேல் வெளியில இருக்கிற ஆக்களிட்டச் சொல்லேக்க நம்பரை விடுங்கோ, பின்னேரம் கால் கொஞ்சம் வீங்கின நேரத்தில சீமெந்து நிலத்தில பேப்பரைப் போட்டு ஏறி நிண்டு, பென்சிலை நேரா நிமித்திப் பிடிச்சு சுத்திக் கீறி, குதியில இருந்து ஆக நீட்டு விரல் மட்டும் எத்தினை சென்ரிமீற்றர் எண்டு அளந்து அனுப்புங்கோ. ரெண்டு காலும் அளக்கோணும், கனபேருக்கு ஒண்டு மற்றதை விடப் பெரிசு.

சரி, வந்ததை என்ன செய்யிறது. எண்ணெயையும் பிரீசரையும் விட்டிட்டு முதல்ல பூட்ஸுக்க இருக்கிற உள்த்தட்டை, அந்த மெத்தைத்தாளை, இழுத்து வெளியில எடுங்கோ. நிலத்தில போட்டு அதுக்கு மேல ஏறி நில்லுங்கோ. சின்னவிரல் பக்கம் தசை தட்டுக்கு வெளியில வழிஞ்சா அது அகலப் பிரச்சினை, அதுக்கு வழி இருக்கு. பெருவிரல் தட்டின்ர நுனிக்கு வந்திட்டுது இல்லாட்டி தாண்டுது எண்டா அது நீளப் பிரச்சினை. தோல் அகலத்துக்கு இளகும், நீளத்துக்கு இளகாது, ஏனெண்டா கீழ அடித்தட்டு இழுபடாது, குதிக்குள்ளயும் முன் மூக்குக்குள்ளயும் கெட்டியான அட்டை வைச்சுத் தைச்சிருக்கு. வேலைக்குப் போடுற பூட்ஸ் எண்டா முன்னுக்கு இரும்புத் தொப்பியும் இருக்கலாம், விரலால தட்டிப் பாருங்கோ, டொக் டொக் எண்டா அதை எந்தக் கொம்பனாலயும் பெருப்பிக்க ஏலாது.

முன்னுக்கு முட்டுறதிலயும் ரெண்டு விதம் இருக்கு. சும்மா நிக்கேக்கயே முட்டினா நீளம் காணாது. நடக்கேக்க மட்டும், அதுவும் குளக்கட்டால இறங்கேக்க மாதிரி சரிவில மட்டும் முட்டினா, கால் உள்ளுக்க முன்னால வழுக்குது. பாதத்துக்கு மேல லேஸை லேசா விட்டு, கணுக்கால் மடிப்பில இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டு, அதுக்கு மேல வழமை மாதிரிக் கட்டுங்கோ, பாதிப் பிரச்சினை அதிலயே போயிடும்.

அகலம் மட்டும்தான் எண்டா இப்பிடிச் செய்யுங்கோ. பாமசியில வாங்கிற ஸ்பிரிட்டும் தண்ணியும் சரிபாதி கலந்து, முதல்ல பூட்ஸின்ர நாக்குக்குக் கீழ மறைவான இடத்தில ஒரு துளி வைச்சு நிறம் போகுதோ எண்டு பாருங்கோ. போகேல்லையெண்டா நெரிக்கிற இடத்துக்கு உள்பக்கமாத் துணியால தடவி, ஈரம் காய முதல் தடிச்ச சொக்ஸ் ரெண்டு போட்டு பூட்ஸை மாட்டி வீட்டுக்குள்ள அரை மணித்தியாலம் நடவுங்கோ. தோல் ஈரமா இருக்கேக்க அதின்ர நார் விலகிக்குடுக்கும், காய்ஞ்சாப் பிறகு விலகின இடத்திலயே நிக்கும், விசயம் இவ்வளவுதான். ஒருநாளில வராது, நாலைஞ்சு நாள் செய்யோணும். இதுக்கெண்டு திருகாணி வைச்ச மரக்கட்டை இருக்கு, சப்பாத்துத் தைக்கிறவையிட்ட இருந்தாலும் இருக்கும், கேட்டுப் பாருங்கோ. கட்டை வைச்சா ஒரேயடியாத் திருகாதேங்கோ, கொஞ்சம் இறுக்கி ஒரு இரவு விட்டு, பிறகு இன்னும் கொஞ்சம். உள்த்தட்டை எடுத்திட்டு மெல்லிசு ஒண்டு போட்டாலும் மேல்பக்கம் ரெண்டு மூண்டு மில்லிமீற்றர் கிடைக்கும், புறங்கால் உயர்ந்த ஆக்களுக்கு அது நல்ல உதவி.

அம்மாவின்ர வைத்தியம்... அம்மா கோவிக்கக்கூடாது. தேங்காயெண்ணெய் தோலைக் கறுக்கப் பண்ணும், தொளதொளக்கப் பண்ணும், வயல் புழுதியெல்லாம் அதில வந்து ஒட்டும், பிறகு மாரி தொடங்கினாப் பூஞ்சணம் கட்டும். வெயில் அதைவிடக் கூடாது. நான் ஒருக்கா முறிகண்டியில இருந்து கொட்டுற மழையில நனைஞ்சு வந்து, விடிஞ்சாக் கலியாணவீடு எண்டு புதுச் சப்பாத்தை அடுப்படியில வைச்சிட்டுப் படுத்தனான், விடியப் பாத்தா மூக்கு மேல வளைஞ்சு கருவாடு மாதிரிக் கிடக்குது, கால் பாதியும் உள்ள போகேல்ல, பிறகென்ன செருப்போட போய் பந்தியில இருந்தது. ஈரத்தோல் சூடு கண்டாச் சுருங்கும் தம்பி, ஒட்டுப் பசையும் விட்டிடும். நனைஞ்சா உள்ளுக்க பேப்பர் அடைஞ்சு நிழல்ல வையுங்கோ.

கூட்டாளியின்ர பிரீசர் யோசினை வேலை செய்யாதெண்டில்லை, தண்ணி ஐஸாகேக்க நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும், அந்த அமுக்கத்தில தோல் விரியும். ஆனா எங்க விரியிறது எண்டதை ஐஸ்தான் முடிவெடுக்கும், நீங்கள் இல்லை. பை ஓட்டையெண்டா முழு பூட்ஸும் தண்ணி. எனக்கு விருப்பமில்லை.

இளகினாப் பிறகும் உடனே வயலுக்கு ஓடாதேங்கோ. ஒரு கிழமை வீட்டிலயும் முத்தத்திலயும், முதல் ஒரு மணித்தியாலம், பிறகு ரெண்டு. குதியில நோகத் தொடங்க முதல் பிளாஸ்டர் ஒட்டுங்கோ, கொப்புளம் வந்தாப் பிறகில்லை. வெளித் திண்ணையில வைக்கிற பூட்ஸை போட முதல் ஒவ்வொருக்காவும் கவிட்டுத் தட்டுங்கோ, நட்டுவக்காலிக்கு இருட்டு எண்டாச் சரி, யூகே நம்பரோ அமெரிக்கா நம்பரோ எண்டு பாக்காது.

தட்டுக்கு மேல ஏறி நிக்கேக்க பெருவிரல் வெளியில நிண்டுதெண்டா ஒண்டும் செய்யாதேங்கோ, ஸ்பிரிட்டும் தடவாதேங்கோ, 9 போடுற ஒருத்தருக்குப் புதுசாவே வித்திடுங்கோ. அத்தானிட்ட உண்மையைச் சொல்லுங்கோ, அவர் ஒண்டும் நினைக்கமாட்டார்.

கேள்வி: அப்பாக்குக் கனகாலமா சீனி வருத்தம், பாதம் விறைச்ச மாதிரி எண்டுறார். அவருக்கும் அகலக் கால். புதுத் தோல் சப்பாத்து இறுக்கமா இருக்கு, போடப்போட இளகுமெண்டு சொல்லுறார். விடலாமோ?
– மாங்குளத்தில இருந்து ஒரு மகள்

பதில்: விடாதேங்கோ பிள்ளை. மேல தம்பிக்குச் சொன்னதெல்லாம் நோவு தெரியிற காலுக்கு. விறைச்ச காலுக்குச் சப்பாத்து கடிக்கிறது தெரியாது, சொக்ஸில ரத்தத்தைப் பாத்தாப் பிறகுதான் தெரியும், அந்தப் புண் லேசில ஆறாது. போட்ட முதல் நாளே விரல் அசைக்க இடமிருக்கிற அகலச் சப்பாத்தா வாங்கிக் குடுங்கோ. போட முதல் உள்ளுக்க கையை விட்டுத் தடவி, கல்லு, ஆணி, மடிஞ்ச தட்டு இருக்கோ எண்டு பாக்கோணும், இரவில பாதத்தையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில பாக்கோணும். அவருக்குக் குனியக் கஷ்டமா இருக்கும், நீங்கள் பாருங்கோ. சிவந்திருந்தாலே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, அடுத்த தவணை வரட்டும் எண்டு இருக்காதேங்கோ.