பக்கவாதத்துக்குப் பின் நடை: ரோபோ கருவி பற்றிக் கேட்டவர்களுக்கு

நரம்பு நோயாளிகளுக்கு பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. காலில் மாட்டும் ரோபோ கருவிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், அப்பாவுக்கு 68 வயது. பக்கவாதம் வந்து ஆறு வாரம். பிடித்தால் நிற்கிறார், அடி வைக்க முடியவில்லை. கருவி மாட்டினால் நடப்பாரா?

பதில்: மாட்டியிருக்கும்போது நடப்பார். கழற்றிய பிறகும் நடக்க வேண்டும், அதற்குத்தான் பயிற்சி. பழுதான பகுதியின் வேலையை மூளையின் மற்ற பகுதிகள் கற்றுக்கொள்ள, கால் திரும்பத் திரும்ப அடி வைத்தாக வேண்டும். இருவர் தாங்கிப் பிடிக்க, நான் குனிந்து காலைத் தூக்கி வைத்து நடத்தினால் சீக்கிரமே எங்களுக்கு இடுப்பு விட்டுப்போகிறது. இயந்திரம் களைப்பதில்லை. 2020இல், மருத்துவ ஆய்வுகளை அலசிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பிசியோதெரபியோடு இயந்திரப் பயிற்சியும் சேர்த்து எட்டுப் பேருக்குக் கொடுத்தால், கூடுதலாக ஒருவர் துணையின்றி நடக்கிறார். அதிகப் பலன் முதல் மூன்று மாதத்துக்குள் இருப்பவர்களுக்கும், நடக்கவே முடியாதவர்களுக்கும். உங்கள் அப்பா இரண்டிலும் வருகிறார். இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வந்து இரண்டு வருஷமாச்சு. தனியா நடப்பாங்க. இடது கால் விரல் தரையில இழுபடுது.

பதில்: அம்மாவின் இடது செருப்பைத் திருப்பிப் பாருங்கள், முனை மட்டும் தேய்ந்திருக்கும். முதலில் ஏ.எஃப்.ஓ. என்கிற பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் போட்டுப் பார்க்கலாம். அது விரல் தொங்காமல் பிடிக்கும். குதிகாலை உந்தி எழ உதவாது. அந்தக் குறைக்காகத்தான் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் துணியாலான உடுப்பை உருவாக்கினார்கள். இடுப்பில் மோட்டார், அதிலிருந்து கெண்டைக்கால் வழியாக ஷூவுக்கு இரண்டு கம்பிகள். ஊன்றி எழும்போது பின்கம்பி குதிகாலை இழுக்கும், கால் முன்னே வரும்போது முன்கம்பி விரலைத் தூக்கும். ரீவாக் நிறுவனத்தின் ‘ரீஸ்டோர்’ என்ற பெயரில் 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

கேள்வி: ஜப்பானின் ‘ஹால்’ என்ற ரோபோ கருவி நாம் நினைப்பதையே அறியுமாமே?

பதில்: நினைப்பை அல்ல. அசைக்க முயலும்போது தசையில் எழும் மெல்லிய மின்சமிக்ஞையைத் தோலில் ஒட்டிய பட்டைகள் பிடிக்கும், மோட்டார் அதற்கேற்ப உதவும். சுகுபா பல்கலைக்கழகத்தின் யோஷியுகி சங்காய் உருவாக்கியது. நோயாளி முயன்றால்தான் கருவி உதவும் என்பதால் எனக்குப் பிடித்த முறை.

கேள்வி: இருக்கிற மனையை விற்றாவது வீட்டுக்கே வாங்கிவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். 2016இல் பக்கவாத நோயாளிகளுக்கு அமெரிக்க அனுமதி பெற்ற ‘எக்ஸோ ஜிடி’ என்ற ரோபோ கருவியே பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் உடனிருந்து மறுவாழ்வு மையத்தில் பயன்படுத்த வேண்டியதுதான். இன்னொன்றும் சொல்கிறேன். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பக்கவாத நோயாளிகள் 408 பேர். சிலருக்கு உடலைத் தொங்கவிட்டுத் தாங்கும் டிரெட்மில் பயிற்சி, சிலருக்கு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து தந்த உடற்பயிற்சி. ஒரு வருடம் கழித்து இரு பிரிவும் ஒரே அளவு முன்னேறியிருந்தன. மனை இருக்கட்டும். ஒழுங்காக வரும் பிசியோதெரபிஸ்ட்டைப் பிடியுங்கள்.

கேள்வி: யாருக்கு மாட்டக்கூடாது?

பதில்: மூட்டு இறுகி மடங்காதவர்கள், படுக்கைப்புண் உள்ளவர்கள், எலும்பு அடர்த்தி மிகவும் குறைந்தவர்கள். நோயாளிக்கு மாட்டிக் கழற்றியதும் முழங்காலுக்குக் கீழேயும் குதிகாலிலும் தோலைப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் பட்டை அழுத்தினாலும் அவர்களுக்கு வலிக்காது. சிவந்த தடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால், அடுத்த முறை மாட்டும் முன் தெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள்.