மாத்திரை இருக்கட்டும், பல் செட் எங்கே?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 74. ஒரு வருடத்தில் 54 கிலோவிலிருந்து 48 கிலோவாக இளைத்துவிட்டார். நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவே கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. பாத்ரூம் போய் வருவதற்குள் களைத்துப்போகிறார். குடலில் நல்ல பாக்டீரியா குறைவதால்தான் வயதானவர்களுக்கு இப்படித் தளர்ச்சி வருகிறது என்று படித்தேன். மாதம் 1,800 ரூபாய்க்குப் புரோபயாடிக் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன். இரண்டு மாதமாகியும் மாற்றம் இல்லை. சாப்பாட்டில் பிரச்சினை ஒன்றுமில்லை. பல் செட் லூஸாகிவிட்டதால் எட்டு மாதமாகக் குழைத்த ரசம் சாதம், பாலில் நனைத்த பிரெட் என்று அவரே பழகிக்கொண்டார். 'இந்த வயசுல புதுப் பல்லு எதுக்கு, வீண் செலவு' என்று சொல்லிவிட்டார். இதைவிட நல்ல மாத்திரை எது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, சாப்பாட்டில் பிரச்சினை இல்லை என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அம்மா எட்டு மாதமாக எதையும் மென்று தின்னவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாத்திரையை அப்புறம் பார்க்கலாம்.

எட்டு மாதமாக அவர் தட்டில் என்னென்ன விழவில்லை என்று யோசித்தீர்களா? பொரியல் இல்லை, சுண்டல் இல்லை. அவரைக்காய், கொய்யாப்பழம், வேர்க்கடலை எதுவும் இல்லை. கறி, மீன் சமைக்கிற வீடாக இருந்தாலும் அது அவருக்கு இல்லை. நார்ச்சத்தும் புரதமும் பெருமளவு குறைந்துபோயின. அதே வீட்டில், அதே அடுப்பில் சமைத்ததை நீங்களெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. நார்ச்சத்தை நம் உடம்பால் செரிக்க முடியாது. பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள்தான் அதைத் தின்று பியூட்டிரேட் போன்ற அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவருக்கு அந்தப் பியூட்டிரேட்தான் முக்கியமான உணவு. அது குறைந்தால் சுவர் பலவீனமாகிறது, உடம்பு முழுக்க மெலிதான அழற்சி நீடிக்கிறது, அது தசையையும் அரிக்கிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் தரும் விளக்கம்.

அயர்லாந்தில் கார்க் பகுதியைச் சேர்ந்த 178 முதியவர்களை ஆராய்ந்து 2012-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு கட்டுரை வந்தது. சொந்த வீட்டில் விதவிதமாகச் சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியாக்களும் பலவகை. பராமரிப்பு இல்லங்களில் நீண்ட காலம் இருந்தவர்களுக்கு வகைகள் சுருங்கியிருந்தன, தளர்ச்சியும் அதிகம். அதில் இன்னொன்றும் தெரிந்தது. இல்லத்துக்குப் போனவர்களுக்கு முதலில் மாறியது சாப்பாடு. குடல் அதன் பின்னால் மெதுவாக, ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் மாறியது. உங்கள் அம்மாவை நீங்கள் எந்த இல்லத்திலும் விடவில்லை. ஆனால் அவர் தட்டு எட்டு மாதமாக அங்கே இருப்பவர்களின் தட்டைவிட மோசமாக இருக்கிறது.

நார்ச்சத்து இல்லாத வயிற்றுக்குள் மாத்திரையாகப் பாக்டீரியாவை அனுப்புவது, விருந்தாளியைக் கூப்பிட்டு இலை போடாமல் உட்கார வைப்பது போல. இதைவிட நல்ல மாத்திரை என்று என்னிடம் ஒன்றும் இல்லை. வேறு பவுடர் தேடியும் அலையாதீர்கள். லண்டனில் 60 வயதைத் தாண்டிய 72 பேரை வைத்து 12 வாரம் நடத்திய ஆய்வில், நார்ச்சத்துப் பவுடர் சாப்பிட்டவர்களுக்கு ஞாபகத் தேர்வுகளில் முன்னேற்றம் தெரிந்தது. நாற்காலியில் இருந்து எழும் வேகத்தில் வித்தியாசம் இல்லை. தசைக்குப் புரதமும் வேண்டும், உடம்பு அசையவும் வேண்டும்.

இனி அந்த 'வீண் செலவு' விஷயம். பெற்றவர்கள் எனக்கு வேண்டாம் என்று சொல்லியே பழகியவர்கள். உங்களுக்குப் பள்ளிக்கூடச் சட்டை எடுத்த தீபாவளிகளில் தனக்குச் சேலை வேண்டாம் என்று சொன்ன அதே வாய்தான் இப்போது பல் வேண்டாம் என்கிறது. அதைப் பிள்ளைகள் சம்மதமாக எடுத்துக்கொள்வதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். உங்கள் மகளுக்குக் கண்ணாடி பவர் மாறினால், அவள் வேண்டாம் என்றதும் எட்டு மாதம் சும்மா இருந்திருப்பீர்களா? மாத்திரைக்கு மாதம் 1,800 ரூபாய் எடுக்க முடிந்த கையால் பல்லுக்கும் எடுக்க முடியும். கடைக்குப் போய்ப் பெட்டி வாங்குவது சுலபம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் உட்கார ஒரு நாள் லீவு போட வேண்டும். நீங்கள் தள்ளிப்போட்டது அதைத்தான்.

முதலில் பொது மருத்துவரிடம் போங்கள். காரணமில்லாமல் ஒரு வருடத்தில் நாலரை கிலோவுக்கு மேல் குறைவதைத் தளர்ச்சியின் அடையாளமாகவே மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். இவருக்கு ஆறு கிலோ போயிருக்கிறது. சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு எதுவும் இல்லை என்று தெரிய வேண்டும். பல்தான் காரணம் என்று நானோ நீங்களோ முடிவுகட்டக் கூடாது. சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும், வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை சாப்பிட்டால் அதையும், எடுத்துப்போய்க் காட்டுங்கள். சிலவகை மருந்துகள் குடல் பாக்டீரியாவையும் மாற்றும். புரதம் எவ்வளவு கொடுக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள், சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் அளவு வேறு.

பல் தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம். மசித்த கீரை, குழைய வெந்த பாசிப்பருப்பு, பூசணிக்காய்க் கூட்டு, கேழ்வரகுக் கூழ், மசித்த பப்பாளி, முட்டை சாப்பிடுவார் என்றால் அதுவும், எல்லாமே பல் இல்லாமல் இறங்கும். தயிரோ மோரோ தினமும் இருக்கட்டும். இட்லி மாவில் உள்ள பாக்டீரியா ஆவியில் செத்துவிடும், தயிரில் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் வயிறு உப்பிக்கொண்டு அம்மா பயந்துவிடுவார். ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடவே. நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு நாற்காலியில் இருந்து சில தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள்.

பல் விழுந்த இடத்தில் தாடை எலும்பு தேய்ந்துகொண்டே போகும். செட் லூஸாவது அதனால்தான். சில சமயம் பழைய செட்டுக்கே உட்புறம் மறுபூச்சுக் கொடுத்துச் சரிசெய்யலாம், இல்லையென்றால் புதிது. பல் மருத்துவக் கல்லூரிகளில் செலவு குறைவு. புது செட் முதல் சில வாரம் உறுத்தும், ஈறு புண்ணாகும். 'அப்பவே சொன்னேனே' என்று அம்மா கழற்றி வைக்கப் பார்ப்பார். அன்றைக்கும் கூட்டிக்கொண்டு போய், உறுத்தும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்து கூட்டி வாருங்கள்.