பதினான்கு வயது மகளை டயறி எழுதச் சொல்லலாமா?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: "மகளுக்கு 14 வயது. முன்பெல்லாம் வாய் ஓயாமல் கதைப்பாள். இப்போது ரியூசன் முடிந்து வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். டயறி எழுதப் பழக்கினால் மனம் ஆறும் என்கிறார்கள். உண்மையா? எப்படித் தொடங்குவது?"

உண்மைதான், எழுதுவது உதவும். ஆனால் அந்தக் கொப்பியை நீங்கள் திறக்க மாட்டீர்கள் என்று உங்கள் மகளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் அவளும் எழுத மாட்டாள், நீங்களும் அவளிடமிருந்து இன்னும் ஓரடி தூரம் போவீர்கள். எனக்கே நடந்ததால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

1995 ஒக்ரோபர் கடைசியில், போர் நெருங்கியதால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்கு 13 வயது. அப்பப்பாவின் கடைக் கணக்குக் கொப்பி ஒன்று எங்கள் பைக்குள் வந்துவிட்டது. பாதிக்குமேல் வெறும் பக்கங்கள். கொடிகாமத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் நாலு குடும்பம் இருந்தோம். இரவில் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அதில் எழுதத் தொடங்கினேன். என் சிநேகிதி ஒருத்தி சொல்லாமலே, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குப் போய்விட்டாள். அவளுக்கு எழுதுவதுபோல எழுதினேன். எழுதி முடித்தால் நித்திரை வரும். அதற்குமேல் அப்போது எதுவும் தேவைப்படவில்லை.

1996இல் வீடு திரும்பினோம். பிறகு இராணுவத்தின் சுற்றிவளைப்பு, செக்கிங். ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா அடுப்படியில் குந்தியிருந்து அந்தக் கொப்பியை ஒவ்வொரு ஒற்றையாகக் கிழித்து நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தார். மட்டை தடிப்பு, அது லேசில் எரியாமல் புகைந்தது. "இதுக்குள்ளை ஆக்களின்ரை பெயர் இருக்குப் பிள்ளை" என்றார். வன்னிக்குப் போனவர்களின் பெயர்கள், இராணுவம் கண்டால் ஆபத்து. அந்தக் காலத்தில் கடிதம், படம், கொப்பி என்று எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் எரித்தார்கள். அம்மாவின் பயம் எனக்கு அப்போதே விளங்கியது. கொப்பி போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன்.

என்னால் தாங்க முடியாமல் போனது மறுநாள் அம்மா கேட்ட கேள்வி. சாப்பாடு போடும்போது, மிக அன்பாக, "அவளை நினைச்சே ராவிலை அழுறனி?" என்று கேட்டார். நான் யாரிடமும் சொல்லாத ஒன்று அது. கொப்பிக்குள் மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு பல வருடம் நான் எழுதவில்லை, அம்மாவிடம் மனம் விட்டுக் கதைக்கவும் இல்லை. வாசித்ததை வைத்து ஆறுதல் சொல்ல வந்தாலும் பிள்ளைக்கு அது தேடிப் பிடித்ததுபோலத்தான் இருக்கும்.

இப்போது நான் ஓர் ஆசிரியை. என் மூத்தவன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் வருடத்தில் உங்கள் மகளைப் போலத்தான் ஆனான். சாப்பாடு குறைந்தது, நித்திரை பிந்தியது, எதைக் கேட்டாலும் "ஒண்டுமில்லை". காரணம் என்னவென்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில் 80 பக்கக் கொப்பி ஒன்றும் இரண்டு பேனையும் வாங்கினேன். அவனுடைய மேசை லாச்சிக்குத் திறப்பு இருந்தது. அதையும் கொப்பியோடு அவன் கையில் கொடுத்தேன். வேறு திறப்பு இல்லை என்றும் சொன்னேன். பிறகு அந்தக் கொப்பியை ஒருவரும் தொடக் கூடாது என்று அவன் முன்னாலேயே அவனுடைய தங்கச்சிக்கும் சொன்னேன், என் அம்மாவுக்கும் சொன்னேன். அம்மா எங்களோடுதான் இருக்கிறார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் தொடமாட்டன் பிள்ளை. அண்டைக்குப் பயத்திலை செய்தனான்" என்றார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் எங்கள் இருவருக்குள்ளும் கிடந்த கதை, அன்றைக்குத்தான் வாய் திறந்தது.

இரண்டு நாள் கழித்து மகன் வந்து, "என்ன எழுதுறது எண்டு தெரியேல்லை" என்றான். "அப்ப அதையே எழுது" என்றேன். தொடக்கத்துக்கு அது போதும். அழகாக எழுத வேண்டாம், எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், தினமும் எழுத வேண்டாம். தமிழோ ஆங்கிலமோ பேச்சுமொழியோ எதுவும் சரி. என்னைப் போன்ற ஆசிரியர்கள் செய்யும் பெரிய பிழை இதைக் கட்டுரையாக்குவதுதான். "இன்றைக்கு எழுதினாயா?" என்று கேட்கத் தொடங்கினால் அது வீட்டுவேலைப் பட்டியலில் இன்னொன்றாகிவிடும். அவர்களுக்கு ஏற்கெனவே பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன்.

இதைப் பற்றி ஆய்வுகளும் இருக்கின்றன. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல், சாண்ட்ரா பீல் என்பவரோடு சேர்ந்து ஒன்றை வெளியிட்டார். பல்கலைக்கழக மாணவர்கள் 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். சிலர் தங்களை வதைத்த ஒரு சம்பவத்தை, நடந்ததையும் அப்போது மனம் பட்டதையும் சேர்த்து எழுதினார்கள். மற்றவர்கள் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். சம்பவத்தை அப்படிச் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைவு. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் இன்னும் கனத்துத்தான் இருந்தது. பெற்றோர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எழுதிவிட்டு முகம் வாடி வெளியே வந்தால் பயந்துவிடாதீர்கள். ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள். பிறகு வந்த ஏராளமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரிப் பலன் சிறியதுதான். ஆளுக்கு ஆள் மாறும். எழுதப் பிடிக்காத பிள்ளைக்குப் படம் கீறுவதோ பின்னேரம் சைக்கிள் ஓடுவதோ கூடுதலாக உதவலாம்.

பென்னிபேக்கர் பிறகு கவனித்த இன்னொன்றும் எனக்குப் பயன்பட்டது. நாட்கள் போகப் போக "ஏனென்றால்", "இப்போது விளங்குகிறது" போன்ற சொற்கள் எழுத்தில் கூடியவர்களுக்குத்தான் பலன் அதிகம். அதே கோபத்தை அதே வசனத்தில் தினமும் எழுதினால் புண்ணைக் கிண்டுவதுபோலாகும். மகனிடம் இதை ஒரே ஒரு தடவை சொன்னேன்: "ஒரே விஷயம் மூண்டாம் நாளும் வந்தால், அது ஏன் உனக்கு நோகுது எண்டு எழுதிப் பார்."

கடதாசியில் எழுதுவதா, கைத்தொலைபேசியில் எழுதுவதா என்றால், நான் கடதாசி என்பேன். எழுதியதைப் பிள்ளை தன் கையாலேயே இல்லாமல் ஆக்கலாம். ஒரு நாள் நான் முற்றத்தில் மாஞ்சருகு கூட்டி எரித்துக்கொண்டிருந்தேன். மகன் ஏழெட்டு ஒற்றையோடு வந்து நெருப்பில் போட்டுவிட்டு, எரிந்து முடியும்வரை நின்றான். எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சாக வேண்டும் என்று பிள்ளை சொன்னாலோ, கையில் வெட்டுக் காயங்கள் தெரிந்தாலோ, பல நாளாக உண்ணாமல் உறங்காமல் இருந்தாலோ கொப்பியை நம்பிக் காத்திருக்கக் கூடாது. அப்போதும் லாச்சியை உடைக்காதீர்கள், பிள்ளையிடம் நேரே கேளுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்குத் தமிழிலேயே கதைக்கலாம். இதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: "உன்ரை உயிருக்கு ஆபத்து எண்டு நினைச்சால் மட்டும் உன்னட்டை வந்து கேட்பன்."

எனக்குப் பலன் தெரிந்ததா என்று கேட்பீர்கள். அவன் என்ன எழுதினான் என்று எனக்குத் தெரியாது. சாதாரண தரம் முடிந்த கிழமை, நான் சந்தைக்கு வெளிக்கிடும்போது வாசலில் வந்து நின்றான். "அம்மா, வரேக்கை கொப்பி ஒண்டு எடுத்துக்கொண்டு வாங்கோ. 80 பக்கம் காணாது" என்றான்.