லண்டனில் கிடக்கும் மொரிஸ் மைனரை இறக்கலாமா?

கேள்வி: பரந்தனில் இருக்கிறேன், வயது 38. இரணைமடுக்குளத்தின் கீழ் நான்கு ஏக்கர் வயலும் சின்ன ஒரு கராஜும் உண்டு. லண்டனில் மாமா வீட்டுக்குப் பக்கத்தில் 1965ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் கார் ஒன்று பல வருடமாக ஓடாமல் கொட்டிலில் கிடக்கிறது. 1,200 பவுண்சுக்குத் தருகிறார்களாம். கப்பல் செலவை மாமா பார்ப்பார். இங்கே திருத்திக் கலியாணங்களுக்கு வாடகைக்கு விடலாம், நல்ல விலை வந்தால் விற்கலாம் என்பது என் எண்ணம். சேமிப்பு 14 லட்சம் இருக்கிறது. போதாவிட்டால் மனைவியின் 10 பவுண் நகையை அடைவு வைக்கலாம். இறங்கலாமா?

பதில்: தம்பி, இறங்க வேண்டாம். உங்கள் கைவேலையில் எனக்குச் சந்தேகமே இல்லை. போர்க்கால எரிபொருள் தடையின்போது சின்னப் போத்தல் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிக் காரை ஓடவைத்த மண் இது. அந்தத் தலைமுறையிடம் வேலை பழகியவர்களுக்கு ஒரு மைனர் எஞ்சின் பெரிய காரியமில்லை. ஆனால் உங்கள் காசு கராஜ் வாசலுக்கு வருவதற்கு முதலே கொழும்புத் துறைமுகத்தில் கரைந்துவிடும்.

முதலில் அனுமதி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அப்போது வந்த விதியிலும், பாவித்த கார் என்றால் மூன்று வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. உங்கள் மாமா சொல்லும் காருக்கு அறுபது வயது. அதற்கு இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் அனுமதி எழுத்தில் வேண்டும், அதுவும் கப்பலில் ஏற்றுவதற்கு முதலே. இல்லாமல் வந்து இறங்கினால் சுங்கம் தடுத்து வைக்கும். கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் துறைமுக வாடகை ஏறும். திருப்பி அனுப்பச் சொன்னால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.

சரி, அனுமதி கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். மாமா கப்பல் காசைக் கட்டினாலும், அந்தக் காசும் காப்புறுதியும் காரின் விலையோடு கூட்டப்பட்டுத்தான் வரி விழும். 2025 இல் சுங்கத் தீர்வை 20 வீதம், அந்தத் தீர்வையின் மேல் இன்னொரு 50 வீத மேலதிக வரி. அதற்குப் பிறகு உற்பத்தி வரி. இதை எஞ்சினின் சீசீயை வைத்துப் போடுவார்கள், 1965 மைனருக்கு அது 1098. கார் ஓடுமா, கொட்டிலில் கிடந்ததா என்று அந்தக் கணக்கு பார்க்காது. இவ்வளவையும் கூட்டிய தொகைக்கு மேல் 18 வீதம் வற் வரி. மலிவாக வாங்கிய கார் என்பதால் வரியும் மலிவாக வரும் என்று நினைத்துத்தான் பலர் மாட்டுப்படுகிறார்கள்.

“வெட்டி, உதிரிப்பாகம் என்று இறக்கு, இங்கே ஒரு பழைய காரின் பதிவுப் புத்தகத்தில் ஏற்றலாம்” என்று யாராவது புத்தி சொல்வார்கள். காதில் போடவே வேண்டாம். சேசிஸ் இலக்கத்தில் பிடிபட்டால் காரும் போகும், வழக்கும் வரும்.

அப்புறம் கறள். மைனருக்கு அடியில் தனியான சேசிஸ் சட்டம் கிடையாது, பொடிதான் பாரத்தைத் தாங்குகிறது. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுவார்கள். அந்த உப்பு கதவுக்குக் கீழ் விளிம்பிலும், பின் வில்லு பூட்டும் இடத்திலும், முன்பக்கம் எஞ்சினைத் தாங்கும் பகுதியிலும் உள்ளிருந்தே தின்னும். மாமா வட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் பெயின்ற் மினுங்கும். அடியில் தார் பூசியிருந்தால், ஒருவர் கீழே படுத்து ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தால்தான் தகரம் இருக்கிறதா, தார் மட்டும்தான் இருக்கிறதா என்று தெரியும். பின்பக்கம் மரச்சட்டம் போட்ட டிரவலர் வகை மைனர் என்றால் பேச்சே வேண்டாம், நம்முடைய மாரிமழையும் கறையானும் அந்தச் சட்டத்தை விட்டுவைக்காது.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை தருவது உங்கள் வருமானம் வரும் விதம். பெரும்போக நெல் விற்ற காசு மாசி, பங்குனியில்தான் கைக்கு வரும். பொடி வேலை, பெயின்ற், வயரிங், சீற் என்று கார் மாதா மாதம் காசு கேட்கும். கலியாண வாடகையும் ஆடியிலும் மார்கழியிலும் படுத்துவிடும். அந்த இடைவெளியில் அடைவு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், தவணைக்குள் மீட்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். வெள்ளம் வந்து ஒரு போகம் அழிந்தாலும் திரும்ப விதைக்கக் கைகொடுக்கப் போவது அந்தப் பத்துப் பவுண்தான். பொழுதுபோக்காகவும் தொழிலாகவும் பாதிப் பாதி நிற்கும் ஒரு காருக்காக அதைத் தொடாதீர்கள். 2022 இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து இரண்டே மாதத்தில் முந்நூற்றறுபதுக்குப் போனதும் நினைவிருக்கும். பவுண்சில் விலை பேசிய எவருக்கும் அது நடக்கலாம்.

ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. இங்கேயே பதிவான மைனர் ஒன்றைத் தேடுங்கள். வரி எல்லாம் எப்போதோ கட்டி முடிந்த கார் அது. அடியில் படுத்துப் பார்க்கவும் உங்களால் முடியும். இந்தக் காரின் தகரப் பாகங்களைத் தொண்ணூறுகளில் இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதனால் தகர வேலை தெரிந்தவர் தேடினால் கிடைக்கக்கூடும்.

வன்னியில் ஒரு விசயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இடப்பெயர்வில் புத்தகம் தொலைந்த கார், சொந்தக்காரர் இறந்துபோன கார், வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் இன்னும் கிடக்கும் கார் என்று நிறைய உண்டு. ஓபின் பேப்பரை, அதாவது வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட உரிமை மாற்றப் பத்திரத்தை நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர், எஞ்சின் இலக்கம், சேசிஸ் இலக்கம் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகளின் கையெழுத்து முதலில், காசு பிறகு. வாடகைக்கு விடப்போவதைக் காப்புறுதியிலும் சொல்லி எழுதுங்கள், மறைத்தால் விபத்து நேரத்தில் இழப்பீடு மறுக்கப்படலாம்.

14 லட்சத்தில் ஆறு மாத வீட்டுச் செலவையும் அடுத்த போகத்துக்கான விதைநெல், பசளை, உழவுகூலியையும் ஒதுக்குங்கள். மிச்சம்தான் காருக்கு. முடியும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். மாமா கப்பலுக்கு ஒதுக்கிய காசில் பிரேக் சிலிண்டர், றப்பர் சீல், வயரிங் செற் வாங்கி அனுப்பட்டும். மைனருக்கு இவையெல்லாம் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன.