ரத்தம் பீறிடும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோவையில் சிறிய லேத் பட்டறை நடத்துகிறேன். ரத்தத்தை உடனே உறைய வைக்கும் காஸ் துணி (காயத்துக்கு வைக்கும் மெல்லிய வலைத்துணி) என்று ஒன்று விற்கிறார்கள். விலை கூடுதல். வழக்கமான காஸ் துணியைவிட அது எந்த விதத்தில் மேல்?

பதில்: வாங்கி வையுங்கள். ஆனால் முதலுதவிப் பெட்டிக்குள் அது இருப்பதால் மட்டும் யாரும் பிழைத்துவிட மாட்டார்கள். அதை வைத்து அழுத்தத் தெரிந்த ஒருவராவது ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்க வேண்டும்.

இந்தத் துணிகளில் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்றில் கயோலின் என்ற வெண்களிமண் ஏற்றப்பட்டிருக்கும். ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் ஒன்றான 12ஆம் உறைவுக் காரணியை அது தூண்டிவிடுவதால், உடம்பு தானாகச் செய்கிற வேலை சீக்கிரம் தொடங்குகிறது. அமெரிக்க ராணுவம் 2008இல் ஏற்றுக்கொண்ட காம்பாட் காஸ் இந்த வகை. இன்னொன்று, இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசான். இதற்கு நேர் மின்னூட்டம், சிவப்பணுக்களுக்கு எதிர் மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக்கொண்டு காயத்தின் வாயை அடைத்துவிடும். செலாக்ஸ், இந்தியாவில் தயாராகும் ஆக்ஸியோஸ்டாட் ஆகியவை இந்த வகை.

எந்த வகையானாலும் காயத்தின் மேல் போர்த்திவிட்டு நின்றால் பயனில்லை. பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். ரத்தம் எங்கிருந்து பாய்கிறதோ அந்த ஆழம்வரை விரலால் துணியைத் தள்ளித் தள்ளித் திணிக்க வேண்டும். குழி நிரம்பி மேலே வரும்வரை திணித்து, இரண்டு கையாலும் உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்த வேண்டும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் முழுவதும், பெரும்பாலும் 3 நிமிடம், கையை எடுக்கவே கூடாது. நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்த்தால், அப்போதுதான் பிடித்த உறைவு பிய்ந்துவிடும். துணி நனைந்து மேலே கசிந்தால் உருவாமல், அதன்மேலேயே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். காயம்பட்டவர் வலியில் கத்துவார். இரக்கப்பட்டுக் கையைத் தளர்த்திவிடாதீர்கள்.

இந்தத் துணி கையில் இல்லையா? சுத்தமான வேட்டித் துணியைத் திணித்துக் குறைந்தது 10 நிமிடம் அழுத்துங்கள். காப்பாற்றுவதில் பெரும்பங்கு அழுத்தத்துக்குத்தான். மருந்து அதற்குத் துணை.

கேள்வி: துணிக்குப் பதிலாகத் தூளாகத் தூவும் மருந்து நல்லதா? எங்கள் வீட்டில் வெட்டுக்காயத்துக்குக் காப்பித்தூள் வைப்பது வழக்கம்.

பதில்: இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த குவிக்கிளாட் துகள்கள் சியோலைட் என்ற கனிமத்தால் ஆனவை. ரத்தத்தின் நீரை உறிஞ்சும்போது அவை கடுமையாகச் சூடேறிச் சதையைச் சுட்டதால், அந்த வடிவம் பின்னர் கைவிடப்பட்டது. வூண்ட்ஸ்டாட் என்ற களிமண் துகளை, அது ரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைப்பை உண்டாக்குவது விலங்குச் சோதனைகளில் தெரிந்ததும், அமெரிக்க ராணுவம் 2009இல் நிறுத்திவிட்டது. இன்று விற்கும் கைட்டோசான் தூள்களில் அந்தச் சூடு இல்லை. ஆனாலும் பீறிடும் ரத்தம் தூளை அடித்துக்கொண்டு போய்விடும். வீட்டுக்கும் பட்டறைக்கும் துணி வடிவமே சரி.

காப்பித்தூள், மஞ்சள்தூள், சாம்பல் எதுவும் வேண்டாம். தமனி அறுந்து பாயும் ரத்தத்தை இவை நிறுத்தாது. அறுவை மருத்துவர் அவற்றைக் கழுவி எடுப்பதிலேயே நேரம் போகும், கிருமியும் சேரும்.

கேள்வி: அப்பாவுக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கு எந்த வகை?

பதில்: கைட்டோசான். வார்ஃபரின் உடம்பின் சில உறைவுக் காரணிகளைக் குறைத்துவிடுகிறது. கைட்டோசான் அந்தக் காரணிகளை நம்பி வேலை செய்வதில்லை. அப்போதும் குறித்த நேரத்தைவிடக் கூடுதலாக அழுத்துங்கள். ஆம்புலன்ஸில் வருபவர்களிடம் முதல் வார்த்தையாக மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டால், வெளியே ஒரு சொட்டு ரத்தம் வராவிட்டாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. கைட்டோசான் ஆபத்தா?

பதில்: இறால் ஒவ்வாமை முக்கியமாக அதன் சதையிலுள்ள புரதத்தால் வருவது. கைட்டோசான் ஓட்டிலிருந்து புரதத்தை நீக்கி எடுக்கப்படும் பொருள். மனதுக்குச் சமாதானம் இல்லையென்றால் கயோலின் வகையை வாங்கிக்கொள்ளுங்கள். ரத்தம் கொட்டும் நேரத்தில் கைட்டோசான் மட்டுமே இருந்தால் தயங்காமல் வையுங்கள்.

கேள்வி: வயிற்றில் கத்திக்குத்து என்றால் இதைத் திணிக்கலாமா?

பதில்: கூடாது. வயிற்றுக்குள்ளும் மார்புக்குள்ளும் எதன்மேல் அழுத்துவது என்றே தெரியாது. குத்திய கத்தி உள்ளேயே இருந்தால் உருவாதீர்கள். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாமல் ஈரமான சுத்தத் துணியால் மூடுங்கள். போர்வை போர்த்துங்கள், உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையாது. உடனே 108. இந்தத் துணிகளின் உண்மையான இடம் தொடை இடுக்கு, அக்குள், தோள் போன்ற, இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்தும் கட்டுப்பட்டை (டூர்னிக்கெட்) போட முடியாத இடங்கள்தான்.

கேள்வி: டூர்னிக்கெட் போட்டால் காலே போய்விடும் என்கிறார்கள்.

பதில்: இந்தப் பயத்தால் போன உயிர்கள் உண்டு. கையிலோ காலிலோ ரத்தம் பீச்சியடித்தால், காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல், ரத்தம் நிற்கும்வரை இறுக்குங்கள். போட்ட நேரத்தை எழுதி வையுங்கள். 2 மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்ந்துவிட்டால் கால் போவது அரிது. இடையில் தளர்த்தித் தளர்த்திக் கட்டுவது தவறு. கம்பியும் மெல்லிய கயிறும் நரம்பை அறுக்கும். அகலமான பட்டைதான் வேண்டும். பாம்புக்கடிக்கு இது கூடவே கூடாது.

கேள்வி: சாலையில் அடிபட்டவருக்கு உதவினால் போலீஸ் தொல்லை வருமா?

பதில்: 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவியவரைக் காக்கிறது. பெயரைச் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பணத்தை யார் கட்டுவது என்று யோசித்து நிற்க வேண்டாம்.

கேள்வி: துணியை வைத்து அடிபட்டவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போனபோது, அங்கே துணியின் காலி உறையைக் கேட்டார்கள். எதற்கு?

பதில்: என்ன மருந்து உள்ளே போயிருக்கிறது, எப்படி எடுக்க வேண்டும் என்பதெல்லாம் உறையில்தான் இருக்கும். எத்தனை துணி திணித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சிலவற்றில் எக்ஸ்-ரேயில் தெரியும் இழை உண்டு, எல்லாவற்றிலும் கிடையாது. ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டால் பின்னால் சீழ் பிடிக்கும். உறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். துணியை வெளியே எடுப்பதை மருத்துவமனையில் பார்த்துக்கொள்வார்கள்.